கட்டைவிரல் கறை

போன சனிக்கிழமை மல்லேஸ்வரத்தில் ஒரு கிடார் கடையில் நின்றபோது செல்வி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

செல்வி என் சித்தி மகன் கதிரின் மனைவி; என்னை அண்ணி என்பாள். கதிர் இப்போது இல்லை. பொம்மசந்திராவில் வேலை, வார இறுதியில் கல்யாண மேடைகளில் கிடார் என்று ஓடிக்கொண்டிருந்தவன், இந்த வருஷம் கோடைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவன் கிடாரின் நெக்கில் — அதாவது இடது கை பிடித்து ஓடுகிற கழுத்துப் பகுதியில் — வார்னிஷ் கிடையாது. அவனேதான் சுரண்டி எடுத்தான். வியர்த்தால் வார்னிஷ் கையைப் பிடித்து இழுக்கும், வெறும் மரம்தான் சுகம் என்பான்.

சுகம் சும்மா வருமா? வெறும் மரம் எல்லாவற்றையும் குடிக்கும். வியர்வை, அழுக்கு, மழைக்கால ஈரம்... கவனிக்காவிட்டால் வளைந்துபோகும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்துவிடுவான். நைஸ் உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பான். துணியில் எண்ணெய் தொட்டு, பூசினானா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் பூசுவான். மிச்சத்தைத் துடைத்துக் காயவிடுவான். காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. டிபன் ஆறிப்போகும். செல்வி திட்டுவாள்.

படுக்கையில் விழுந்த பிறகு அந்த வேலை நின்றுபோனது. வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு வாசிப்பான். கை மேலும் கீழும் ஓட அவனுக்குத் தெம்பில்லை. ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, அங்கே என்ன கிடைக்குமோ அதை மட்டும் மீட்டுவான். மாதக்கணக்கில் அதே இடம். மரத்தின் பின்பக்கம் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை விழுந்துவிட்டது.

செல்விக்கு வாசிக்கத் தெரியாது. வேலை முடிந்து சந்தாபுரா வீட்டுக்கு வந்ததும் கிடாரை மடியில் வைத்து, அந்தக் கறையின்மேல் தன் கட்டைவிரலை வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான். போட்டோ இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் கைக்குக் கண்ணாடிதானே தட்டுப்படும்?

இந்த மழையில் நெக் பூசணம் பிடித்து வளைய ஆரம்பித்தது. பயந்துபோய், லீவு போட்டுவிட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். வளைவை நிமிர்த்த வேண்டும், எண்ணெய் பூச வேண்டும், கறையை மட்டும் தொடக் கூடாது. பஸ்ஸில் போகும்போதே கன்னடத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டாளாம். தர்மபுரிப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு காய்கறிக் கடையில் நின்று கற்ற கன்னடம். கடைக்காரருக்குத் தமிழ் ஓரளவு புரியும்தான். ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு கன்னடத்தில் பேசாவிட்டால் மரியாதை இல்லை என்று கதிர் சொல்லி வைத்திருந்தான்.

சனிக்கிழமை வாங்கிவரப் போனபோது துணைக்கு நானும் போனேன்.

கடைக்காரர் உறையைப் பிரித்துக் காட்டினார். நெக் நேராக இருந்தது. எண்ணெய் வாசம் வந்தது. செல்வி திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் மேலே போனது, கீழே வந்தது, மறுபடியும் மேலே போனது. மரம் முழுக்க ஒரே வெளுப்பு.

அந்தக் கறை எங்கே என்று கடைக்காரரிடம் நான்தான் கேட்டேன்.

"மேடமே கலெ பிடிசி அந்த்ரு," என்றார். மேடமே அப்படித்தான் சொன்னார்களாம். ரொம்ப ஆழமாக இறங்கியிருந்ததாம், தேய்த்து எடுக்கப் பெரும்பாடு பட்டாராம். குரலில் பெருமை இருந்தது. நல்ல மனிதர், சொன்ன வேலையைச் செய்திருக்கிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கன்னடத்தில் 'கலெ' என்றால் கறை. 'கலெ பிடி' என்றால் கறையை விட்டுவிடுங்கள். இன்னும் மரியாதையாக இருக்கட்டும் என்று இவள் ஒரு 'சி' சேர்த்துவிட்டாள். 'கலெ பிடிசி' என்றால் கறையைப் போக்குங்கள்.

செல்வி கிடாரை உறையில் வைத்து மூடினாள். "சென்னாகிதெ சார்," என்றாள். நன்றாக இருக்கிறதாம்.

ஆட்டோவில் கிடாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அண்ணி, நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்றாள்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் பழி கடைக்காரர்மேல் விழும். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"உங்க தம்பியா இருந்தாலும் தேய்ச்சுதான் எடுத்திருப்பாரு, இல்ல அண்ணி? அழுக்கு நின்னா அவருக்குப் பிடிக்காது."

ஆமாம் என்றேன். அதுதான் உண்மையும்கூட. உண்மையால் என்ன பிரயோஜனம்?

சிக்னலில் ஆட்டோ நின்றது. அப்படியே விட்டுவிடுங்கள் என்பதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். 'ஹாகே பிடி' என்றேன். பாடம் படிக்கிற மாதிரி, உதடு அசைய, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போது சரியாகச் சொல்கிறாள். சொல்லிக் காப்பாற்றத்தான் எதுவும் மிச்சமில்லை.