அம்மா சொல்லாத ஆமென்

எங்கள் அம்மா போய் ஓர் ஆண்டு ஆகிறது. நினைவுக் கூட்டத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர்களுடைய ஒரே மகள் எழுதுவது. இப்படிப்பட்ட கட்டுரையில் கோபம் இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எழுதி, அழித்து, மறுபடி எழுதிப் பார்த்தேன். கோபத்தை எடுத்தால் அம்மாவும் சேர்ந்து போய்விடுகிறார்கள். ஆகவே இருக்கட்டும் என்று விட்டேன். தவறு என்று நினைப்பவர்கள் என்னைக் குறை சொல்லுங்கள், அப்பாவைச் சொல்ல வேண்டாம்.

அம்மா பிறந்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். பத்தாவது முடித்த கையோடு திருமணம் நடந்தது. திருப்பூரில் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மாவும் செக்கிங்கில் சேர்ந்தார்கள். தைத்து வரும் பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருந்தால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். கால் வீங்கி வீட்டுக்கு வந்தாலும், என் பள்ளிக்கூடப் பாடத்தைக் கேட்காமல் படுத்ததில்லை.

தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் சேர்ந்து நடத்திய எங்கள் சபையில் பெண்கள் ஜெபத்தை அம்மாதான் நடத்தினார்கள். வேலை போனவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவர்கள், குடிக்கிற கணவனோடு அல்லாடியவர்கள் எல்லோரும் எங்கள் ஒற்றை அறைக்கு வருவார்கள். அம்மா ஜெபித்தால் கேட்கப்படும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு ஞாயிறு மாலை, பெண்கள் முழங்காலிட்டுக் காத்திருக்க, அம்மா ஆரம்பிக்கவே இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்கள்.

"எனக்கு ஜெபம் வரல. பொய்யா ஜெபிக்க மாட்டேன். உங்கள்ல யாராவது ஜெபியுங்க."

அன்றிலிருந்து எல்லோரும் காரணம் தேடினார்கள். வீட்டில் சண்டையா, மறைவான பாவம் ஏதும் உண்டா, மகளைக் கல்லூரிக்கு அனுப்பியதால் வந்த வினையா? நானும்தான் கேட்டேன். அம்மா தக்காளி நறுக்கியபடி சொன்ன பதில் இது: "ஒண்ணுமே நடக்கலட்டி. அதான் சங்கதி. பேசிக்கிட்டே இருக்கேன், அந்தப் பக்கம் ஆள் இல்லாத மாதிரி இருக்கு."

அப்படியானால் ஞாயிறுதோறும் சபைக்கு ஏன் போகிறீர்கள் என்றேன். "ஆள் திரும்பி வரும்போது நான் இல்லாமப் போயிரக் கூடாதுல்லா" என்றார்கள்.

சபையார் இதை அவிசுவாசம் என்றார்கள். பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது சரியாகக்கூட இருக்கலாம், ஜெபிக்க முடியாதவர் ஜெபத்தை எப்படி நடத்துவது? ஆனால் அதோடு விடவில்லை. ஆராதனை முடிந்து டீ குடிக்கும் இடத்தில் சபை மூப்பரின் மனைவி அம்மாவைக் காட்டி எல்லோருக்கும் கேட்கும்படி, "மைனிக்கு செக்கிங் புத்தி. பனியன்ல ஓட்டை பாத்துப் பாத்து ஆண்டவர்கிட்டயும் ஓட்டை பாக்காவ" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே, "ஆண்டவர்மேல ஸ்டிக்கர் ஒட்டலம்மா, என்மேலதான் ஒட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா எதையும் நிறுத்தவில்லை என்பதை நீங்கள் அறிய வேண்டும். சபையில் யாருக்காவது பிரசவம், ஆபரேஷன் என்றால் பாத்திரத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் போனார்கள். ஜெபிக்காமல் போய் என்ன பிரயோஜனம் என்று ஒருவர் கேட்டதற்கு, "ஜெபம்தான் வரல, பஸ் வருதுல்லா" என்றார்கள்.

எனக்குத் திருமணமாகி முதல் கரு தங்கவில்லை. அப்போது மூப்பரின் மனைவி, தாயின் அவிசுவாசம் மகளின் வயிற்றில் இறங்கிவிட்டது என்று சொன்னார். அப்படிப்பட்ட ஒரு வார்த்தையை ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பற்றி எப்படிச் சொல்ல முடிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அது பொய் என்று என் படிப்பும் சொன்னது, என் விசுவாசமும் சொன்னது. இருந்தும் மறுபடி கருவுற்றபோது பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, எனக்காக ஒரே ஒரு தடவை ஜெபியுங்கள், மனதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

அம்மா வெகுநேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "உனக்கு எதுலயும் போலியைக் குடுத்ததில்லட்டி. இதுலயா குடுப்பேன்?" என்றார்கள்.

அந்த நிமிடம் எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தையும் இங்கே மறைக்கவில்லை. பெற்ற மகளுக்காகக்கூட ஒரு வார்த்தை சொல்ல முடியாத நேர்மை யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மூப்பரின் வீட்டுக்குப் போனார்கள். என்னைப் பற்றி அப்படிப் பேசிய அதே பெண்ணிடம், "உனக்கு ஜெபம் வருது. எனக்கு வரல. என் பிள்ளைக்காக வந்து ஜெபி தாயி" என்று கேட்டு அழைத்து வந்தார்கள். அவர் வந்தார். என் வயிற்றில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் கண்ணிலும் நீர் இருந்தது. அம்மா என் பாதங்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் நாங்கள் ஆமென் சொன்னோம். அம்மா சொல்லவில்லை. என் மகன் சுகமாகப் பிறந்தான்.

அவன் தவழத் தொடங்கியபோது அம்மாவின் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. கடைசி வாரம் மருத்துவமனையில் மூப்பரும் மனைவியும் பார்க்க வந்தார்கள். ஆண்டவர் என்னோடு இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல், ஆமென் சொல் என்று மூப்பர் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா கண்ணைத் திறந்து, "அண்ணாச்சி, அவர் இருக்காருன்னா, நான் பொய் சொல்லலன்னு அவருக்குத் தெரியும்லா" என்றார்கள். என் காதால் கேட்ட கடைசி முழு வாக்கியம் அதுதான்.

மூப்பர் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு வடநாட்டுப் பெண், ஆபரேஷன் வலியில் அழுது அழுது அப்போதுதான் தூங்கியிருந்தார். அம்மா அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று சொன்ன கை அது. இரண்டு நாளில் அம்மா போய்விட்டார்கள்.

அடக்க ஆராதனையில் மூப்பர் என்ன சொன்னார் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பின்வாங்கிப்போன சகோதரி கடைசியில் மனந்திரும்பி, கையை உயர்த்தி ஆமென் சொன்னார் என்றார். நீங்கள் அழுதீர்கள். கல்லறைப் பக்கத்தில் குறுக்கே பேசுவது முறையல்ல என்று நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த மலரின் முதல் அச்சு வந்தபோது, மூப்பர் கொடுத்தனுப்பிய அதே கதைதான் முதல் பக்கத்தில் இருந்தது. அடித்துவிட்டேன். அவருடைய மனைவி போன் செய்தார். அவரும் அன்று அந்தக் கட்டிலருகில் நின்றவர்தான். "கேக்குற நாலு பேருக்கு ஆறுதலா இருக்கும்லா, விட்டுரும்மா" என்றார். விட மாட்டேன் என்றேன். அப்படியானால் நினைவுக் கூட்டத்துக்குச் சபை மண்டபம் கிடைக்காது என்று தகவல் வந்தது. நாளை என் மகனைப் பள்ளியில் சேர்க்கச் சபை தரும் சான்றிதழுக்கும் அவன் கல்யாணத்துக்கும் இதே சபைக்குத்தானே போய் நிற்க வேண்டும் என்று பயந்து அப்பாவிடம் கேட்டேன். அப்பா அச்சுத்தாளைப் படித்துவிட்டு, "அவ பேருல பொய் வேண்டாம்" என்றார்.

ஒன்றை மட்டும் அடிக்காமல் வைத்திருக்கிறேன். அம்மாவின் படத்துக்குக் கீழே "கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்கள்" என்று இருக்கிறது. அது என் விசுவாசம். அம்மா சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகத்தோடு இத்தனை வருடம் வாசலிலேயே காத்து நின்ற ஒருத்தியைக் கதவுக்கு வெளியே விடுகிறவர் என் ஆண்டவர் என்றால், அவரை எனக்கும் தெரியாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. டயாலிசிஸ் நாட்களில் முறை வைத்து உடன் இருந்த செக்கிங் பெண்களுக்கு நன்றி. என் பிள்ளைக்காக ஜெபித்த மூப்பரின் மனைவிக்கும், என் கோபம் தணியாமலேயே, நன்றி. மண்டபம் இல்லை என்று கேட்டதும், "மொட்டை மாடி சும்மாதானுங் கண்ணு கெடக்குது, பந்தல் போட்டுக்கலாம் வாங்க. எனக்குக் காய்ச்சல்னா மொதல்ல கதவத் தட்டுனது உங்கம்மாதானுங்க" என்று சொன்ன வீட்டுக்கார அம்மாவுக்கும் நன்றி.

இன்று கூட்டத்தின் முடிவில் அப்பா ஜெபிப்பார். ஆமென் சொல்ல முடிந்தவர்கள் சொல்லுங்கள். முடியாதவர்கள் சும்மா நில்லுங்கள். யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டோம்.