நான் வெட்டி எறிந்த திக்கல்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்த நான், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்க மனமில்லாமல், சென்னையில் ஒரு வானொலி நிலையத்தில் தற்காலிக ஒலிப்பதிவு டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன்.

தற்காலிகம் என்றால் மாதத்தில் ஆறே ஆறு டியூட்டி. அந்த ஆறு நாளுக்கு மட்டும் நாள் கணக்கில் சம்பளம். ரயில் பாஸ், மகளுக்குப் பிஸ்கட் எல்லாம் போக மிஞ்சுவதைச் சேர்த்தால் வருஷத்துக்கு ஒரு நல்ல சேலை எடுக்கலாம். "ஒன் சம்பளத்த நம்பி நான் வேலைய விட்டுரலாம் போலயே" என்று என் கணவர் சீண்டுவார். சீண்டட்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நான் ராணி.

காலையில் ஸ்பிரிட் தொட்டு டேப் மெஷினைத் துடைக்க வேண்டும். மைக் வைத்து, பேசுகிறவரின் குரல் திடீரென்று ஏறிவிடாமல், இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு டேப்பில் இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி ஒட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். டேப்பைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டு, மஞ்சள் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி நான் ஒட்டினால், ஒட்டிய இடம் எந்தக் காதுக்கும் தெரியாது.

ஒருநாள் விவசாய நிகழ்ச்சியில் பேச ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மொடமொடவென்று புதுச் சட்டை. ஊர் முத்தாபுதுப்பேட்டை என்றார். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். நான் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதும் சிரித்துவிட்டார்.

"இ... இன்னாமா, மளிகைக் கடைக்காரனாட்டம் கூப்புடுற?"

கத்தரிச் செடிக்குக் கடை மருந்து வாங்காமல், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளித்தே நல்ல மகசூல் எடுத்தவர் அவர். விஷயம் தங்கம். ஆனால் பேச்சு திக்கியது. அதிலும் 'வே' என்ற எழுத்து வந்தால் போச்சு. வேப்பங்கொட்டையைப் பற்றிப் பேச வந்தவருக்கு வேப்பங்கொட்டைதான் வாயில் வரவில்லை. எட்டு நிமிட நிகழ்ச்சிக்கு இருபத்தைந்து நிமிடம் டேப் ஓடியது.

"இது தேறாதும்மா. வேற ஆளைப் பார்த்துக்கலாம்" என்று நிகழ்ச்சி அதிகாரி என் காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சி வெளியே வந்து, "எப்போமா போடுவீங்க? ஊ... ஊர்ல அல்லார்கிட்டயும் சொல்லிக்கினு வந்துட்டேன்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து வெட்டினேன். மேஜை விளிம்பெல்லாம் விரல் நீள டேப் துண்டுகள். சாயங்காலத்துக்குள் ஏழரை நிமிடப் பேச்சு தயார், மருந்துக்கும் திக்கல் இல்லை. அதிகாரி கேட்டுவிட்டு, "அந்த மனுஷனா இது!" என்று வாயைப் பிளந்தார். அன்று ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, அது உறைக்கவுமில்லை.

நிகழ்ச்சி ஒலிபரப்பாகி ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டதாம். அசந்துபோனதாம். அதற்குப் பிறகுதான் வம்பு. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அவர் பேசியே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். மாட்டேன் என்றால், ரேடியோக்காரனுக்கு மட்டும் நல்லா பேசுவே, நம்ம ஊருப் புள்ளைங்களுக்குப் பேசமாட்டியா என்று கோபம். நோட்டீஸில் பேரும் போட்டுவிட்டார்கள். மேடையில் நின்று மானம் போனால் அப்புறம் ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று கலங்கிப்போயிருந்தார்.

"அந்த மை... மைக்கை ஒரே ஒரு நாள் எடுத்துகினு வந்து குடும்மா. அதுல பேசினாத்தான் திக்கு வரலியே. ப... பத்திரமா திருப்பிக் குடுத்துடறேன்."

தான் ஸ்டுடியோவில் திக்கியது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் ரேடியோவில் கேட்டதும் அவருடைய குரலேதான். ஆகவே பேச்சைக் குறைத்தது நேரத்துக்காக, திக்கலைச் சரிசெய்தது அந்த மைக்தான் என்று நம்பிவிட்டார். வேறு வழியில்லை, உண்மையைச் சொன்னேன். மைக் ஒன்றும் செய்யவில்லை, நான்தான் பிளேடால் வெட்டினேன் என்றேன்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எ... எவ்ளோ வெட்டின?"

"மூணுல ரெண்டு பங்கு, அண்ணாச்சி."

"வெட்டினத இன்னா பண்ண?"

"குப்பைத் தொட்டியில போட்டுட்டேன்."

"வரேம்மா" என்று எழுந்து போய்விட்டார். காபியைத் தொடவே இல்லை. அன்று வைத்த கத்தரிக்காய்க் குழம்பை நான் தட்டோடு ஒதுக்கி வைத்துவிட்டேன். "நீ நல்லதுதான செஞ்ச" என்று கணவர் சொன்னதும் அழுகையே வந்துவிட்டது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு மனுஷரைக் கொண்டுபோய் மேடையில் மாட்டிவிட்டிருந்தேன்.

விழாவுக்கு நானே போய், தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு கணவரோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மைக் செட் கூவென்று கத்தியது. கை சும்மா இருக்குமா? எழுந்து போய் அதைத் திருகிச் சரிசெய்துவிட்டு வந்தேன். அவர் பேரைக் கூப்பிட்டார்கள். நான் எழுவதைப் பார்த்துவிட்டார். உட்கார் என்று கையைக் காட்டினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"ரே... ரேடியோல நீங்க கேட்டது பாதிதான் நானு. மீதி, அதோ குந்திகினு கீதே, அந்தம்மா. நான் திக்கினதெல்லாம் பி... பிளேடு போட்டு வெட்டிடுச்சு. இங்க வெட்ட ஆளில்ல. நீங்கதான் பொ... பொறுத்துக்கணும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அரைமணி நேரம் பேசினார். 'வே' என்று அவர் மாட்டிக்கொண்டபோதெல்லாம் வார்த்தையை எடுத்துக் கொடுக்க என் வாய் துடித்தது. ஆனால் அந்த ஊரில் ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் ஒரு பெண் நிதானமாகத் தன் மகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். வார்த்தை வந்ததும் தலையாட்டிக் கேட்டாள். ஐம்பது வருடமாக அவர்கள் அவரை இப்படித்தான் கேட்டு வருகிறார்கள், அவசரப்பட்டது நான் ஒருத்திதான்.

முடிக்கும் முன் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். இத்தனை கொட்டையையும் இடித்தவள் அவள்தான் என்றார். "இ... இடிச்சு இடிச்சு அவ கையே கசந்துபூடும். சோறு பெசஞ்சு ஊட்டினா பு... புள்ளைங்க துப்பிடும். ஓரமா குந்திகினு அழுவா. இந்த மகசூல் அவளுதுப்பா."

கூட்டத்தின் நடுவில் ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இதை அவர் ஸ்டுடியோவிலும் சொல்லியிருந்தார். எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் ரொம்பத் திக்கியது அந்த இடத்தில்தான் என்பதால், அதை மொத்தமாக வெட்டிப் போட்டிருந்தேன்.

அதன் பிறகும் பல வருடங்கள் அந்த வேலையில் இருந்தேன். இன்று பிளேடும் இல்லை, டேப்பும் இல்லை. ஆனால் என் எதிரில் யாராவது ஒரு வார்த்தை வராமல் தடுமாறினால் நான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். அவர் மனசில் வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் அத்தனை பாடுபடுகிறாரோ என்னவோ.