சாமிக்குச் செய்த பைப்

நான் புகைப்பதில்லை. சிகரெட் பெட்டியில் அழுகிப்போன ஈறுகளின் படத்தைப் போட ஆரம்பித்த பிறகு, கடையில் அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. ஆனால் மரத்தில் பைப் செய்வேன். பழைய படங்களில் பணக்கார அப்பா மாடிப்படியில் இறங்கி வரும்போது வாயில் இருக்குமே, அந்தப் புகைக்குழாய்.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன் நான். அன்றிலிருந்து கிள்ளானில் டயர் கடை வேலை. சக்கரம் மாட்டிய கார் முனை திரும்பியதும் நட்டை முறுக்கினேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், கைக்கு ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். போனில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் மரக்கட்டையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கவலை கிடையாது. எனக்கும் அந்த முகம் வேண்டும் என்றுதான் தொடங்கினேன். முகம் இன்னும் வரவில்லை. பைப் வந்துவிட்டது.

"குடிக்காத மனுசன் ஒக்காந்து கிளாஸ் செய்ற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

வேலை ஒன்றும் பெரிதில்லை. மேலிருந்து புகையிலைக்கு ஒரு குழி. பக்கத்திலிருந்து புகை வர ஒரு துளை. இரண்டும் குழியின் அடியில் சந்திக்க வேண்டும். சந்தித்ததா என்று அறிய வாயில் வைத்து ஊத வேண்டும். காற்று போனால் பைப், போகாவிட்டால் விறகு. நான் ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்துவிட்டு வாயை மூன்று தரம் கொப்பளிப்பேன்.

இது என் வீட்டோடு போயிருக்கும். கெடுத்தது எங்கள் வட்டாரத்து முனியாண்டி கோயில் செயற்குழு. முந்தைய திருவிழாவில் மழை பெய்து, சாமிக்கு வைத்த சுருட்டு நனைந்து, பற்றவே இல்லை.

"பக்கத்து ஊரு கம்பத்துக் கோயில்ல வெளிநாட்டுச் சுருட்டு வைக்கிறாங்க. நம்ம சாமி மட்டும் ஈரச் சுருட்டா?" என்று கூட்டத்தில் பொங்கினார் தலைவர். சாமி இதுவரை புகார் எதுவும் கொடுக்கவில்லை. தலைவருக்குத்தான் தாங்கவில்லை.

"என் மாப்ள பைப் செய்றான்லா" என்றார் என் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். மற்ற நாட்களில் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். திருவிழா அன்று சாமி இறங்குவது அவர்மேல்தான். அதாவது, பைப் போய்ச் சேரப் போவது அவர் வாய்க்கு.

எந்த மரம் என்று விவாதம் தொடங்கியது. செயலாளர் வேம்பு என்றார். பொருளாளர், "கசக்கும்லா" என்றார். "சாமிக்கு என்னய்யா கசப்பு?" என்றார் செயலாளர். "மச்சானுக்குக் கசக்குமே" என்றேன். சொல்லக் கூடாததைச் சொன்ன மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புளியில் பேய் இருக்குமாம். கடைசியில், சாக்கடையை அடைக்கிறது என்று நான் வெட்டிப் போட்டிருந்த கொய்யாவுக்கு யோகம் அடித்தது. "கடைசி வரிசையில நிக்கிறவனுக்கும் தெரியணும்" என்று தலைவர் நீளமும் சொன்னார். ஒரு முழம். அவ்வளவு நீளத்துக்கு என்னிடம் துளைக்கும் ஊசி இல்லை. கிண்ணத்தைக் கொய்யாவில் குடைந்து, தண்டுக்கு மூங்கில் வைத்தேன். மூங்கில் கணுவைச் சூடேற்றிய சைக்கிள் கம்பியால் துளைத்தேன். எடுத்து வாயில் வைக்கப் போனேன்.

"என்னங்க! சாமி வாய் வைக்கப் போறதை எச்சில் பண்ணப் போறீங்களா?" மனைவி போட்ட சத்தத்தில் பைப் கைநழுவி மடியில் விழுந்தது.

அவள் சொன்னது நியாயம்தான். ஊதிப் பார்க்காமல் பைப் செய்ய முடியாது. ஊதினால் அது சாமிக்கு ஆகாது. டயர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றுக் குழாயை வைத்து அடித்தேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே எட்டிப் பார்த்து, "இது எந்தக் கார் டயர்?" என்று மலாயில் கேட்டார். காற்று மறுபக்கம் வந்தது. ஆனால் அது லோரி டயரையே நிரப்பும் காற்று. ஊசி முனையளவு இடுக்கு இருந்தாலும் கிழித்துக்கொண்டு போகும். மனிதன் இழுத்தால் புகை வருமா? சபை நடுவே சாமி இழுத்து, வராமல் போனால்? சாமி கோபித்தால் ஊருக்கு ஆகாது என்பார்கள். அந்த ஊரில்தான் என் வீடும் இருக்கிறது. அதோடு, அன்று அரிவாள் மச்சான் கையில்.

திருவிழா அன்று பிற்பகல் உறுமி உச்சத்துக்குப் போனது. தலைவர் மைக்கில், "நமது செயற்குழுவின் பெருமுயற்சியால்" என்று முழங்கிவிட்டு, பைப்பைத் தட்டில் வைத்துப் பூசை செய்தார். புது வாசிங் மெஷினுக்கே பொட்டு வைக்காமல் தண்ணீர் திறக்காதவர்கள் நாம். பைப் மட்டும் தப்புமா? கிண்ணத்துக்கு ஒரு பொட்டு, தண்டுக்கு ஒன்று, வாய் வைக்கும் முனைக்கு ஒன்று. தலைவருக்குத் தாராளமான கை. சந்தனத்தை அள்ளி அப்பினார். என் கவலையெல்லாம் மூங்கில் கணுவில் இருந்தது. முனையை நான் கவனிக்கவில்லை.

சாமி இறங்கியது. புகையிலை நிரப்பிப் பற்ற வைத்துக் கொடுத்தார்கள். சாமி இழுத்தது. கன்னம் இரண்டும் உள்ளே போயின. புகை வரவில்லை. இன்னொரு தரம் இழுத்ததில் கண் சிவந்தது. உறுமி நின்றது.

"எவன்டா செஞ்சது?"

அந்தச் செயற்குழு ஒருமனதாக எடுத்த ஒரே முடிவை அப்போதுதான் பார்த்தேன். எல்லா விரலும் என்னைக் காட்டின.

"சாமி... காத்து அடிச்சுப் பார்த்தேன் சாமி. டயர் கடையில..."

"ஊது."

"எச்சில் ஆயிடும் சாமி."

"ஊதுடாங்கிறேன்!"

அரிவாளைப் பார்த்துக்கொண்டே ஊதினேன். என் வாழ்நாளில் எந்தப் பைப்பையும் அப்படி ஊதியதில்லை. ஏதோ உள்ளே நழுவியது. சந்தனமும் கங்கும் புகையிலையுமாகக் கிண்ணத்திலிருந்து கிளம்பித் தலைவரின் வெள்ளை ஜிப்பாவில் போய் விழுந்தன. அவரும் ஆடினார். அவருக்கும் சாமி வந்துவிட்டது என்று ஒரு அக்கா கும்பிட்டே விட்டார்.

மறுபடி புகையிலை நிரப்பினார்கள். சாமி முனையைத் துடைக்கவில்லை. வாயில் வைத்து இழுத்தது. மூக்கு வழியாகப் புகை நிதானமாக வந்தது. கூட்டம் சத்தம் போட்டது.

சாமி மலையேறிய கையோடு, பந்தலிலேயே அவசரக் கூட்டம்.

"எச்சிலை சாமிக்குக் குடுத்துட்டோமே."

"சாமியேதானே ஊதச் சொன்னாரு?"

"சொன்னது சாமி. ஊதினது இவன்தானே?"

பைப்பை மஞ்சள் நீரில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்து, கண்ணாடி அலமாரியில், 'நன்கொடை: செயற்குழு' என்று எழுதி வைப்பதாக முடிவானது. ஊறினால் மூங்கில் கழன்றுவிடும் என்றேன். ஜிப்பாவில் ஓட்டையோடு நின்ற தலைவர் என் பக்கமே திரும்பவில்லை.

எலுமிச்சைத் தண்ணீரோடு மச்சான் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல மாப்ள. பைப் நல்லா இழுத்துச்சா?"

என் பைப்புகளில் எரிந்தது அது ஒன்றுதான். எப்படி இழுக்கிறது என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அவர் என்னைக் கேட்கிறார்.

"இழுத்துச்சு மச்சான். மூக்கு வழியா வந்துச்சு புகை."

"அப்புறம் ஏன்டா நாக்கெல்லாம் சந்தனமா இருக்கு?"

அவர் வயிற்றுக்குள் போனது டப்பாச் சந்தனம். அதில் என்ன கலக்கிறார்கள் என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.