படத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக் குடை

போன வருஷம் பள்ளி விடுமுறை நேரத்துல, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கோலாலம்பூர் பக்கத்துல இருக்கிற கிள்ளான் டவுன்ல நடந்தது இது. அன்னிக்கு நான் என் கேமராவைத் தொலைச்சேன். தொலைஞ்ச கதை எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும். அது எந்த வழியா எங்கிட்ட திரும்பி வந்துச்சுங்கிறதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

முதல்ல என் பைத்தியத்தைச் சொல்லிடறேன். நான் செராஸ்ல ஒரு லோரி கம்பெனியில ஸ்டோர் கீப்பர். வாரம் ஆறு நாளும் பேரிங், பில்டர், பிரேக் லைனிங்னு அடுக்கி வைக்கிற வேலை. ஞாயித்துக்கிழமை ஆயிட்டா கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன். பழைய கட்டடம், பழைய ரயில் பெட்டி, மியூசியத்துல நிக்கிற எஞ்சின், எங்கேயாவது புல்லு மண்டிக் கிடக்கிற பழைய காடி (காருக்கு நாங்க அப்படித்தான் சொல்லுவோம்), இதெல்லாம்தான் எனக்கு வேணும். படத்துக்குள்ள ஒரு ஆள்கூட வரக்கூடாதுங்கிறது நானே போட்டுக்கிட்ட சட்டம். அந்தக் காலத்துத் தூணுக்குப் பக்கத்துல ஒருத்தர் பந்து விளையாட்டு ஜெர்சி போட்டுக்கிட்டு ஐஸ் தண்ணி உறிஞ்சிட்டு நின்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவர் நகர்ற வரைக்கும் நானும் நகர மாட்டேன். அரை மணி ஆகட்டும், முக்கால் மணி ஆகட்டும். பிரிக்பீல்ட்ஸ்ல அத்தனை ஜனம் நடக்கிற ரோட்டுலயே ஆளில்லாத படம் எடுத்திருக்கேன்னா பார்த்துக்குங்க.

அந்தப் பொறுமையெல்லாம் படத்துக்கு மட்டும்தான். மத்த எதுக்கும் எனக்கு மூக்கு மேல கோபம்.

என் மனைவி எப்பவும் கூடவே வருவா. அவளுக்குப் படம் எடுக்கிற ஆசையெல்லாம் கிடையாது. வீட்டுலயே அடைஞ்சு கிடக்காம கொஞ்சம் வெளிக்காத்து படட்டுமேன்னு வருவா. வந்த இடத்துல நான் அவகிட்ட சொல்றது ஒரே வார்த்தைதான்: “கொஞ்சம் தள்ளி நில்லு.” அவளும் தள்ளிப் போய் நிப்பா. நான் முடிச்சுட்டுக் கூப்பிடுவேன், வருவா. இப்படியே மூணு வருஷம் ஓடிப்போச்சு.

அன்னிக்கு கிள்ளான்ல ஒரு பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல, மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கிற பழைய லோரி ஒண்ணு நின்னுச்சு. அந்த மாதிரி லோரியை இப்போ காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது. கதவு மரத்துல செஞ்சது. என்ன வருஷத்து வண்டி, யாருது, இன்னும் ஓடுதான்னு எனக்குத் தலைக்குள்ள ஆயிரம் கேள்வி. பஸ் ஸ்டாப் பெஞ்சுல முழங்கையை ஊனிக்கிட்டு எடுத்துட்டே இருந்தேன். திடீர்னு கொட்ட ஆரம்பிச்சது மழை. நம்ம ஊரு மழையைச் சொல்லணுமா? அவ குடையை விரிச்சுக்கிட்டு, “வாங்க, வாங்க, காடிக்கு ஓடிடலாம்”னு கூப்பிட்டா. ஓடினோம். எப்பவும் போல அவதான் காடி ஓட்டினா; நான் மழையில ரோட்டையே பார்த்துட்டு வந்ததுல, ஷா ஆலம் தாண்டினப்புறம்தான் மடி காலியா இருக்கிறது எனக்கு உறைச்சது.

திரும்பிப் போய்ப் பார்த்தோம். பெஞ்சு இருந்துச்சு, லோரி இருந்துச்சு, கேமரா மட்டும் இல்ல.

கேமரா போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். உள்ள இருந்த கார்டுல மூணு வருஷத்துப் படம் இருந்துச்சு. வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கணும், ஏத்தி வைக்கணும்னு சொல்லிச் சொல்லியே ஏத்தாம விட்டவன் நான். அதுல ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுங்க ஒரு வரிசை இருந்துச்சு. நான் எடுத்த கொஞ்ச நாள்ல அதை இடிச்சுட்டாங்க. இப்போ அங்க தகர வேலிதான் நிக்குது, திரும்பப் போய் எதை எடுக்கிறது?

காடியில வர்ற வழியெல்லாம் அவளைத்தான் பிடிச்சுக்கிட்டேன். “நீ அவசரப்படுத்தாம இருந்திருந்தா எடுத்திருப்பேன். ரெண்டு சொட்டு மழைக்கு உசிரா போயிடும்?” இன்னும் என்னென்னமோ சொன்னேன். அதையெல்லாம் இங்க எழுத எனக்கு வெக்கமா இருக்கு. அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. ஆனா அன்னிக்கு வாயை மூடினவதான், சோறு போட்டா, துணி மடிச்சு வச்சா, எங்கிட்ட பேசல. நானும் வீம்புக்குப் பேசல. ஒன்பது நாள் இப்படிப் போச்சு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல அத்தனை நாள் நாங்க பேசாம இருந்தது அதுதான் முதல் தடவை.

பத்தாவது நாள் சாயங்காலம், அவ பக்கத்துச் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு படம் வந்துச்சு. போட்டது அவ அக்கா மக, செமினியில இருக்கிற பொண்ணு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கல்யாணமானவ. படத்துல ஒரு பச்சைக் குடையோட பாதி, ஒரு பொம்பளையோட கை, கையில ஒரு துணிப்பை. அந்தப் பை இந்தப் பொண்ணோட கல்யாணத்துல வந்தவங்களுக்கெல்லாம் வெத்தலை பாக்கு, பழம் போட்டுக் கொடுத்த பை. மாப்பிள்ளை பேர், பொண்ணு பேர் ரெண்டும் பெருசா அச்சடிச்சிருக்கும். கீழே, “முன்பின் தெரியாத ஒரு அக்கா எனக்கு இதை அனுப்பி, இவங்க யாருன்னு கேக்கறாங்க. யாருக்காச்சும் தெரியுமா?”ன்னு எழுதியிருந்தா.

நான் படத்தைப் பார்த்தேன். உடனே பெரிய மனுஷன் மாதிரி பதில் போட்டேன்: “இது ஸ்கேம். யாரும் பதில் சொல்லாதீங்க.”

அதுக்குள்ள குரூப்பு கலகலன்னு ஆயிடுச்சு. “சித்தி கைதானே அது.” “அந்த ஒத்தை வளையல் சின்னம்மாவோடது.” “குடையில ஒரு கம்பி மடங்கியிருக்கே, அந்தக் குடையேதான்.” கிட்டத்தட்ட முப்பது பேர் இருக்கிற குரூப்பு, அஞ்சே நிமிஷத்துல எல்லாரும் சொல்லிட்டாங்க. அடுப்படியில இருந்து போனைக் கையில பிடிச்சுக்கிட்டு அவ வந்தா. ஒன்பது நாளைக்கு அப்புறம் எங்கிட்ட பேசின முதல் பேச்சு இதுதான்:

“இந்தச் சுவரைப் பாருங்க. இது நீங்க எடுத்த படம்.”

பார்த்தேன். கைக்குப் பின்னாடி காரை பேந்து போன மஞ்சள் சுவர், நான் எடுத்த அதே குவார்ட்டர்ஸ். சுவரைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. கையைப் பார்த்துத் தெரியல.

செமினிப் பொண்ணுகிட்ட நம்பர் வாங்கி, படத்தை அனுப்பின அந்த அக்காவுக்குப் போன் போட்டோம். அவங்க லேசுப்பட்டவங்க இல்ல. “நீங்க என்ன தொலைச்சீங்க, எங்க தொலைச்சீங்க, சொல்லுங்க”ன்னு முதல்ல என் மனைவியை விசாரிச்சுட்டுத்தான் கேமரா தங்கிட்ட இருக்கிறதையே ஒத்துக்கிட்டாங்க. சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் வாங்கன்னாங்க.

தெலுக் பங்லிமா காராங்ல ஒரு பேக்டரிக்குப் பக்கத்துல இருக்கிற சாப்பாட்டுக் கடையில பார்த்தோம். நாப்பது வயசு இருக்கும். கம்பெனி யூனிபார்மோட வந்தாங்க. பிளாஸ்டிக் சாமான்ல கீறல், குமிழ், வளைசல் ஏதாவது இருக்கான்னு பார்த்து ஒதுக்கற வேலையாம், பதினாலு வருஷமா. அன்னிக்கு மழை பெஞ்சு மேல அடிச்சதாம். நனைஞ்சிடுமேன்னு கேமராவை எடுத்துப் பைக்குள்ள வச்சிருக்காங்க. யாராவது திரும்பி வர்றாங்களான்னு பார்த்துட்டு நிக்கும்போதே பஸ் வந்துடுச்சு. அதை விட்டா அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும்னு ஏறிட்டாங்களாம்.

“பேஸ்புக்குல போட்டா பத்து பேரு என்னுதுன்னு வருவாங்க அண்ணே. உள்ள இருக்கிற படத்துல முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சுடலாம்னு லேப்டாப்புல போட்டேன். ரெண்டாயிரம் படத்துக்கு மேல இருக்கு, ஒரு முகம்கூட இல்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பிரிக்பீல்ட்ஸ்ல எப்படி அண்ணே ஆளே இல்லாமப் போச்சு?”

நான் பெருமையா விளக்கம் சொன்னேன். எப்படிக் காத்திருப்பேன், எந்த நேரத்துல எந்த இடம் காலியா இருக்கும், எல்லாம். அவங்களும் ஆர்வமா கேட்டாங்க, நடுநடுவுல கேள்விகூடக் கேட்டாங்க. அப்புறம் லேப்டாப்பைத் திறந்து எங்க பக்கம் திருப்பி வச்சாங்க.

“அப்போ இது?”

தனியா ஒரு போல்டர் போட்டு வச்சிருந்தாங்க. அறுபத்து மூணு படம். கோலாலம்பூர் பழைய ரயில் ஸ்டேஷன் படத்துல இடது பக்க ஓரமா ஒரு பச்சைக் குடையோட நுனி. மியூசியத்து ரயில் பெட்டிக்குக் கீழே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ரெண்டு செருப்புக் கால். கிள்ளான்ல ஒரு பழைய கட்டடத்துப் படியில ஒரு நிழல். ஒண்ணுல முழங்கை, ஒண்ணுல சேலை முந்தி. தள்ளி நிக்கச் சொன்னவ தள்ளித்தான் நின்னிருக்கா. நான்தான் ஓரத்தை வெட்டாம விட்டிருக்கேன். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது வெட்டிக்கலாம்னு விட்ட படங்க அதெல்லாம்.

“எங்க வேலையில நடுவுல யாரும் பார்க்க மாட்டோம் அண்ணே, ஓரத்தைத்தான் பார்ப்போம். தப்பு எல்லாம் ஓரத்துலதான் இருக்கும்”னாங்க. சொல்லிட்டு அவங்களுக்கே சங்கடமாப் போயி, “அக்காவைத் தப்புன்னு சொல்லல”ன்னு சிரிச்சாங்க. அதுல ஒரே ஒரு படத்துலதான் பையில இருந்த பேரு படிக்கிற மாதிரி இருந்துச்சாம். அந்த ரெண்டு பேரையும் சேர்த்து பேஸ்புக்குல தேடித்தான் செமினிப் பொண்ணைப் பிடிச்சிருக்காங்க.

என் மனைவி ஒவ்வொரு படமா நகர்த்தி நகர்த்திப் பார்த்தா. இப்போ திட்டப் போறா, வாங்கிக்க வேண்டியதுதான்னு நினைச்சேன். ஆனா அவ சிரிச்சுக்கிட்டே பேச ஆரம்பிச்சா. “இங்கதான் காவலுக்கு நின்ன ஜாகா எங்கிட்ட பேசினாரு. அவங்க அப்பா இந்த மாதிரி எஞ்சின்லதான் கரி அள்ளிப் போட்டவராம். மியூசியத்துல வேலை கிடைச்சதும் எஞ்சினைத் தொட்டுக் கும்பிட்டாராம்.” அடுத்த படம். “இங்க ஒரு சீனத்தி பிஸ்கட் கொடுத்தாங்க.” மஞ்சள் சுவர் வந்துச்சு. “இந்த மூணாவது வீட்டுலதான் ஒரு அக்கா நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. நீங்க முக்கால் மணி நேரம் எடுத்தீங்கல்ல, அப்போ. கைப்பிள்ளையா வந்த வீடாம். அடுத்த வாரம் காலி பண்ணணும்னு அழுதாங்க.”

நான் அந்த மூணாவது வீட்டை நாப்பது கோணத்துல எடுத்திருக்கேன். ஜன்னல் கம்பி எந்த மாதிரி, கூரை ஓடு எந்த மாதிரி, எல்லாம் கேளுங்க, சொல்லுவேன். உள்ள ஒரு பொம்பளை உக்காந்து அழுதது எனக்குத் தெரியாது. “ஏன் எங்கிட்ட சொல்லல?”ன்னு கேட்டேன்.

“நீங்க எங்க கேட்டீங்க? காடியில ஏறினதும் படம் எப்படி வந்திருக்குன்னு பார்க்க ஆரம்பிச்சுடுவீங்க”ன்னா. குறையா சொல்லல. இருக்கிறதைச் சொன்னா.

அந்தக் கடையில, முன்பின் தெரியாத அந்த அக்கா முன்னாடியே நான் அவகிட்ட சொன்னேன். கேமராவைப் பெஞ்சுல வச்சது நான், மறந்தது நான், உன்மேல பழியைப் போட்டதும் நான், தப்பு முழுக்க என்னுதுன்னு. அவ டம்ளரைத் தள்ளி வச்சா. அப்புறம், “அந்த ஒன்பது நாளும் மழை வந்தப்போல்லாம் நீங்க காடியில சொன்னது ஞாபகம் வந்து எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சுங்க”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அந்த அக்கா எங்களைத் தனியா விட்டுட்டு ஆர்டர் கொடுக்கப் போற மாதிரி எழுந்து போனாங்க.

கேமராவைக் கையில கொடுக்கும்போது, நன்றிக்கு என்ன செய்யறதுன்னு கேட்டேன். எதுவும் வேணாம்னுட்டு, “அந்த மூணாவது வீட்டு அக்கா இப்போ எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா, அந்தப் படத்தைக் கொடுங்க அண்ணே”ன்னாங்க. என் மனைவிகிட்ட அந்த அம்மாவோட போன் நம்பர் இருந்துச்சு. அது அன்னிக்கே வாங்கி வச்சதாம்.

அடுத்த ஞாயித்துக்கிழமையே நாப்பது படத்தையும் பிரிண்ட் போட்டு, அந்த அம்மா இப்போ இருக்கிற பிளாட்டுக்குக் கொண்டு போனோம். எல்லாத்தையும் வாங்கி மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பார்த்தாங்க. அழகா இருக்குன்னாங்க. அப்புறம் ஓரத்துல என் மனைவி கையும் குடையும் தெரியற அந்த ஒரே படத்தைத் தனியா எடுத்து, இதை மட்டும் பிரேம் போட்டுக் கொடுக்க முடியுமா தம்பின்னு கேட்டாங்க.

இப்பவும் நான் பழைய எஞ்சினும் பழைய கட்டடமும் எடுக்கத்தான் போறேன், அந்தக் கிறுக்கு போகல. ஆனா ஆளு நகரட்டும்னு காத்திருக்கிற நேரத்துல கேமராவை இறக்கிட்டு, என் மனைவி யார்கிட்ட பேசிட்டிருக்காளோ அங்க போய் நின்னு கேக்கறேன். முப்பது பேருக்குப் பார்த்ததும் தெரிஞ்ச ஒரு கையை, அதைப் பிடிச்சுத் தாலி கட்டின எனக்கு அடையாளம் தெரியாமப் போன அந்தச் சாயங்காலத்தை நினைச்சா, இன்னிக்கும் எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.