மை பூசிய பதினோரு கடிதங்கள்

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர் என்றுதான் தெருவே அவரைச் சொல்லும். சிறை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தா வேலை. கைதிகள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைப் படித்து, வெளியே போகக் கூடாத வரிகளின் மேல் கறுப்பு மையைத் தடவி அனுப்ப வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் மைக்காரர் என்று பெயர் வைத்தார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். வேறென்ன செய்வார், பிள்ளைகுட்டிக்காரர்!

அந்தச் சிறைக்கு ஒரு நாள் அவருடைய சிநேகிதனே கைதியாக வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே வாடகை அறை, ஆளுக்கொரு நாள் சமையல் என்று வளர்ந்த சிநேகம். நெட்டையன் என்றுதான் கூப்பிடுவார். ஆட்சியை எதிர்த்து நோட்டீஸ் ஒட்டினான் என்று பிடித்துவிட்டார்கள். மைக்காரருக்கு ஒரே ஆறுதல், அவன் கடிதம் தன் மேஜைக்குத்தான் வரும்.

அங்கேதான் மனுஷர் தப்புப் பண்ணினார். ஆகாத வரி ஒன்று வெளியே போனாலும் அந்தக் கைதிக்கு மூன்று மாதம் கடிதம் கிடையாது என்பது விதி. சிநேகிதனுக்கு அந்தக் கதி வந்துவிடக் கூடாதே என்று, சந்தேகம் வந்த வரியையெல்லாம் அடித்தார். சாப்பாடு என்று இருந்தால் அடித்தார், இருமல் என்று இருந்தால் அடித்தார். மற்றவர்கள் கடிதத்தில் விட்டுவைத்ததைக்கூட இவன் கடிதத்தில் விடவில்லை. எப்படியாவது போய்ச் சேர்ந்தால் சரி! சேரவும் சேர்ந்தது. இரண்டாம் வருஷம் நெட்டையன் காய்ச்சலில் உள்ளேயே செத்துப்போனான்.

அப்புறம் ஆட்சி கவிழ்ந்தது. விடுதலை விடுதலை என்று ஊரே கூத்தாடியது. உத்தரவு போட்ட பெரிய மனுஷர்களின் பேர் பேப்பரில் நாறியது. மை தடவினவரை மட்டும் யார் தேடப்போகிறார்கள்? பென்ஷன்கூடத் தவறாமல் வந்தது. யாராவது வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வந்தது நெட்டையனின் மனைவி. ஒரு மத்தியானம், பையிலிருந்து பதினோரு கடிதங்களை எடுத்து அவர் முன்னால் பரப்பினாள். கடைசிக் கடிதத்தில் மேலே அவள் பெயர், கீழே அவன் கையெழுத்து. நடுவில் முழுக்கக் கறுப்பு.

"திட்ட வரலைண்ணா. படிச்சவர் நீங்க ஒருத்தர்தானே? இதுல என்ன எழுதியிருந்தார்? அது மட்டும் சொல்லுங்க, போதும்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு நாளைக்கு அறுபது கடிதம் படித்தவர். படித்ததை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போகப் பழகிக்கொண்டவர். அந்தக் கறுப்பையே வெறித்துப் பார்த்தார். ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. அட பாவி, சிநேகிதன் கடைசியாக எழுதியதையாவது மனசில் வைத்திருக்கக் கூடாதா?

அவள் முகத்தைப் பார்த்தார். வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை.

"உன்னைப் பத்தித்தாம்மா எழுதியிருந்தான். அழாதே, தைரியமா இருன்னு..."

"அழாதேன்னா எழுதியிருந்தார்?"

"ஆமாம்மா."

அவள் கடைசிக் கடிதத்தைக் கையில் எடுத்தாள்.

"அந்த வார்த்தையை அவர் ஒரு நாளும் சொன்னதில்லைண்ணா. கல்யாணமான புதுசுலேயே சொல்லிட்டார், அழணும்னா நல்லா அழுதுடு, பக்கத்துல நான் இருக்கேன்னு."

கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். மைக்காரருக்கு அவள் வாசல் வரை போன பிறகுதான் வாய் திறந்தது.

"ஞாபகம் இல்லம்மா. சத்தியமா ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அவள் திரும்பினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"அப்ப அவர் கடைசியா என்ன சொன்னார்னு இனிமே யாருக்குமே தெரியாது. இல்லையாண்ணா?"

"தெரியாதும்மா" என்றார்.