ஒரு வார்த்தைக்கு ஓர் இளநீர்

நீங்கள் யாரையாவது, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தித் திருத்தியிருக்கிறீர்களா?

யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். ஆபீஸில் யாரோ ‘பிஸ்ஸா’ என்றதும் ‘பீட்ஸா’ என்று எடுத்துக்கொடுத்தீர்களே... அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

நான் திருத்தியிருக்கிறேன். ஒரு வாரமாக ஒரே மனிதரைத் திருத்தினேன். அவர் இப்போது எனக்கு எதிரே இருக்கும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிறார். செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி. ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. போனில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் எடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

போன வாரம் இதே பக்கத்தில் பீற்றியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ‘ஓர் அமெரிக்காக்காரருக்கு மாமல்லபுரத்தில் வைத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன்’ என்று. நிறையப் பேர் சிரிப்பு எமோஜி அனுப்பினீர்கள். அந்த ஆள்தான் இவர்.

பெயர் குளோவிஸ். எழுபது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் தென்கோடியில் லூசியானா என்று ஒரு மாநிலம். அங்கே இறால் பிடிக்கிற படகு வைத்திருந்தவர். மனைவி இல்லை, ஒரே மகள். வேறு கடலில் வேறு ஆட்கள் எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்று பார்க்கத் தனியாகக் கிளம்பி வந்திருக்கிறார். வந்து தங்கிய ஹோம்ஸ்டே ஓனர் எனக்குப் போன் போட்டு, பிரெஞ்சு பேசுகிற அமெரிக்கன் ஒருத்தர் வந்திருக்கிறார், வருகிறாயா என்றார். பிரெஞ்சு டூரிஸ்ட்டுகளுக்குக் கைடு வேலை பார்ப்பவள் நான். விடுவேனா?

பிரெஞ்சு பேசுகிற அமெரிக்கனா என்று உங்களுக்கும் சந்தேகம் வரும். இவர்களுக்கு ‘கேஜன்’ என்று பெயர். ரொம்ப காலத்துக்கு முன்னால் பிரான்ஸிலிருந்து கிளம்பி, கனடாவின் கிழக்குக் கடற்கரையில் குடியேறிய ஜனங்கள். பிரிட்டிஷ்காரன் சண்டையில் அங்கிருந்து துரத்தியடித்தான். கப்பலில் ஏற்றி, குடும்பங்களைப் பிரித்து, எங்கெங்கோ இறக்கிவிட்டான். அலைந்து திரிந்ததில் ஒரு கூட்டம் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் போய் ஒண்டியது. இறால், நண்டு, காரக் குழம்பு, சனிக்கிழமை ஆட்டம் பாட்டம் என்று ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டது. கொண்டுபோன பிரெஞ்சையும் விடவில்லை. ஆனால் பாரிஸில் வளர்ந்த பிரெஞ்சு வேறு, சதுப்பு நிலத்தில் வளர்ந்த பிரெஞ்சு வேறு.

நான் பொத்தேரி காலேஜில் படித்தது பாரிஸ் பிரெஞ்சு. மார்க் நிறையப் போடுவார்கள் என்று எடுத்த பேப்பர், பிறகு சர்ட்டிபிகேட் பரீட்சை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. கேட்பானேன் திமிருக்கு?

முதல் நாள் நான் பிரெஞ்சில் வணக்கம் சொன்னதும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊரில் பேச ஆளே இல்லையாம். மகளுக்கே தெரியாதாம். கொட்டித் தீர்த்துவிட்டார். எனக்குப் பாதி புரியவில்லை. ‘இப்போது’ என்பதற்கு ‘அஸ்த்தர்’ என்றார். புத்தகத்தில் அது இல்லை. இறாலுக்கு ‘ஷெவ்ரெத்’. புத்தகத்தில் ‘க்ரெவெத்’. காருக்கும் வேறு வார்த்தை. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல நாங்கள் ஒரு நீளமான வாக்கியம் படித்தோம். இவர் ‘ஷ்யூயி அப்ரே’ என்று இரண்டே சொல்லில் ஆரம்பித்து முடித்துவிடுவார். எங்கள் பக்கத்தில் ‘துன்னுகினு கீறேன்’ என்போமே, அந்த மாதிரி சுருக்கு.

புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்று சொல்வது சுலபமாக இருந்தது. அதனால் ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். அவர் ஒரு கேஜன் வார்த்தை சொன்னால் நான் ஆள்காட்டி விரலை நீட்டுவேன். விரலுக்கு ஓர் இளநீர் ஃபைன்.

இந்த ஐடியா எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? நான் படித்த மெட்ரிக் பள்ளியில் தமிழ் பேசினால் ஃபைன். ஆறாவதில் ஒரு நாள் ‘மிஸ், வயிறு வலிக்குது’ என்று சொன்னதற்கு, சாயங்காலம் வரை கழுத்தில் தமிழ் பேசியதற்கான தண்டனை அட்டையை மாட்டிக்கொண்டு திரிந்தவள் நான். மொழி கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

இரண்டு நாள் குளோவிஸ் சிரித்தார். ஒழுங்காக இளநீரும் வாங்கிக்கொடுத்தார். மூன்றாம் நாள் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நாலாம் நாள் அந்தக் கதையைச் சொன்னார். இங்கிலீஷில், ஜோக் மாதிரி. சின்ன வயதில் வீட்டில் பேசுகிற பிரெஞ்சை ஸ்கூலில் பேசினாராம். டீச்சர் காய்ந்த மக்காச்சோளத்தைத் தரையில் பரப்பி, அதன் மேல் முட்டி போட வைத்தாராம். அதனால்தான் மகளுக்கு அந்தப் பேச்சைக் கொடுக்கவே இல்லையாம். நானும் என் அட்டைக் கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகும், அவர் வாய் தவறிப் பிரெஞ்சில் ஆரம்பித்தபோதெல்லாம் நான் விரலை நீட்டினேன். அதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலைக்கு வருகிறேன்.

ஏழரை மணி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் தேவனேரிக் கரை. ஏழுமலை அண்ணனின் மீன்பிடிப் படகு அப்போதுதான் கரையேறியிருந்தது. குளோவிஸ் தினமும் அந்தப் படகுக்குத்தான் வருவார். ஏழுமலைக்கு இங்கிலீஷும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டையும் இறாலையும் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். என்னை ஒரு பேச்சுக்கும் கூப்பிட மாட்டார்கள்.

நான் பக்கத்தில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தேன். குளோவிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஷ்யூயி அப்ரே...” என்று ஆரம்பித்தார்.

நான் விரலை நீட்டினேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர் நிறுத்திவிட்டார். ஒன்றுமில்லை, ஐயாம் ஆல்ரைட் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மறுபடி வலையைப் பார்த்துக் குனிந்தார். அரை மணி நேரம் கழித்து அப்படியே வலை மேல் சரிந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மணலில் செத்த மீன் மாதிரி கிடந்தது.

மீன் ஏற்றுகிற மினி வேனில்தான் தூக்கிப் போட்டோம். திருக்கழுக்குன்றம் ரோடு முழுக்க ஏழுமலை அவர் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு வந்தார். ஐஸ் தண்ணீர் என் காலடியில் ஓடியது. எனக்கு அந்தப் பாதி வாக்கியம் மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. ‘நான் இப்போது...’ என்ன? மயங்கிக்கொண்டிருக்கிறேன் என்றா? மரத்துக்கொண்டிருக்கிறேன் என்றா?

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் அடைப்பு. டாக்டர் வெளியே வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது என்றார். குளோவிஸின் பையில் இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டேன், ஊசிக்கு ஒத்துவராத மருந்து எதுவும் இல்லை என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“கை மரத்துப்போனது பீச்சுலயா, இல்ல தூங்கி முழிக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சா?”

ஏழுமலை முந்திக்கொண்டார். “நான் கடல்லயிருந்து வந்ததே அப்பத்தான் டாக்டரு. இவுரு வந்து குந்துனாரு. செத்த நேரத்துல கைலயிருந்து நண்டு வுயுந்துச்சு. ரெண்டு தபா. அதுக்கு மின்ன இன்னா ஆச்சுன்னு தெரியாது.”

“முழிக்கும்போதே இருந்திருந்தா ராத்திரி எப்ப வேணா ஆரம்பிச்சிருக்கலாம்” என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. “அப்ப இந்த ஊசி போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். இப்ப ஆரம்பிச்சதுன்னா உடனே போட்டாகணும். காலைல இவர்கூட வந்தது நீங்கதானே?”

நான்தான். ஆனால் நான் பார்க்கவில்லையே. பார்த்தது ஒன்றே ஒன்று. தினமும் தன் பையைத் தானே தூக்குகிற மனிதர், இன்று கரையில் இறங்கும்போது அதை என்னிடம் கொடுத்தார். ஏன் கொடுத்தார்? அப்போதே கை போய்விட்டதா? சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ? சொல்லாவிட்டால் கொன்றுவிடுவேனோ? சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது.

மகளுக்குப் போன் போட்டோம். அங்கே நடு இரவு. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவரையே கேட்பது ஒன்றுதான் வழி. டாக்டர் இங்கிலீஷில் கேட்டுப் பார்த்துவிட்டார், ஒன்றும் நடக்கவில்லை. சில பேருக்குப் பிறகு கற்ற மொழி போய்விடும், சின்ன வயதுப் பேச்சு மட்டும் தங்கும் என்றார். உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, போய்க் கேளுங்கள் என்றார்.

உள்ளே போனேன். குனிந்து கேட்டேன். எப்பேர்ப்பட்ட பிரெஞ்சு தெரியுமா? இலக்கணத்தில் நூற்றுக்கு நூறு. குளோவிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. கண் கீழே எங்கேயோ நின்றது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். மறுபடி கேட்டேன். இன்னும் இறுக்கினார்.

வெளியே வந்துவிட்டேன். காது கேட்கவில்லை போல என்று டாக்டரிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலைதான் சொன்னார். “கேக்குது பாப்பா. அவுரு உன் வெரலப் பாத்துகினு கீறாரு. நீ டீச்சர் மாரி நிக்கிற. அவுரு பேசுற மாரி பேசு, போ.”

எனக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. திரும்ப உள்ளே போனேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், பள்ளியில் தண்டனைக்கு நிற்பதுபோல. முதல் நாள் அவர் எனக்கு வணக்கம் சொன்ன அதே கேஜன் வார்த்தைகளில் ஆரம்பித்தேன். ‘அஸ்த்தர்’ போட்டேன். என் புத்தகம் தப்பென்று சொல்லும் அத்தனையையும் போட்டேன். உளறலாகத்தான் வந்தது. காலையில் எழுந்தபோது கை நன்றாக இருந்ததா?

அவர் கண் என் முகத்துக்கு வந்தது. ரொம்ப நேரம் என் தோளைத் தாண்டி, கட்டியிருந்த கைகளைத் தேடியது. பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. இறால் எடுத்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் கை என்னுடையது இல்லை என்று தோன்றியது. அதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன்.

பையை ஏன் கொடுத்தீர்கள் என்றேன். பேண்ட்டை மடித்துவிட இரண்டு கையும் வேண்டியிருந்தது என்றார்.

டாக்டரிடம் ஓடினேன். இரண்டு கையாலும் மடித்தாரா, உறுதியா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு போர்வையை விலக்கிப் பார்த்தார். இரண்டு காலிலும் மடிப்பு ஒரே மாதிரி, கெட்டியாக இருந்தது.

ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள். முழுசாக ஏற ஒரு மணி நேரம் ஆகுமாம். கசிவு வருமா வராதா என்று அதற்குள் யாரும் சொல்ல முடியாதாம். ஏழுமலை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். நான் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், இரண்டாவது தடவை பார்க்கப் பயமாக இருக்கிறது.

இப்போது மணி பதினொன்று பத்து. வலது கை இன்னும் அசையவில்லை.