இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது தேங்காய்

இன்டர்மீடியட்டில் இரண்டு முறை கணக்கில் தோற்றவனை, இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு தோப்பில் கணக்குப் புலி என்று நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை. நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது.

தோப்பு, அண்ணன் தம்பி பத்துப் பேருக்குப் பொது. முந்தைய தேங்காய் வெட்டில் பங்கு வைத்தபோது மூன்று மிஞ்சியது. அதை யார் எடுப்பது என்ற பேச்சில் நாலாமவருக்கு முன்பல் போயிற்று. இந்த முறை மிச்சமே விழாது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே பெரிய எண் 2520. ஒன்று முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத எண்களில் அதுதான் ஆகச் சிறியது. வாரத்தின் ஏழு, மாதத்தின் முப்பது, வருஷத்தின் பன்னிரண்டு, மூன்றையும் பெருக்கினாலும் அதுவே வரும். பத்துப் பேரில் எத்தனை பேர் கோபித்துக்கொண்டு வராமல் போனாலும் கவலையில்லை. வெட்டியதில் 2520 தேங்காயை மட்டும் குவித்துவிட்டு, உபரியைக் காலையிலேயே அய்யா கோயிலான நிழல்தாங்கலுக்குக் காணிக்கையாக வண்டியேற்றினோம்.

குவியலில் கை வைக்கும் நேரம், தகரப் பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். பன்னிரண்டு வருஷமாகக் கடுதாசிகூடப் போடாமல் கொழும்பில் கிடந்த கடைசித் தம்பி. பதினோராவது ஆள்.

மூத்தவர் கையில் வெட்டுக்கத்தி இருந்தது.

"அப்பன் செத்ததுக்கு வராதவனுக்குத் தேங்காய்க்கு மட்டும் வழி தெரிஞ்சுதோ?"

"சேதி சொல்ல ஆளு விட்டியளா, அண்ணே?"

"எங்க விட? கடலுக்குள்ளயா?"

யாரும் சிரிக்கவில்லை. கத்தி முனை என் பக்கம் திரும்பியது.

"ஏலே புலி, இவனையும் சேத்தா எப்படி?"

மணலில் குச்சியால் வகுத்தேன். கண் கத்தியிலேயே இருந்ததில் நான் போட்ட ஒன்று எனக்கே ஏழாகத் தெரிந்தது.

"ஆளுக்கு எரநூத்தி இருபத்தொம்பது, அண்ணாச்சி. ஒண்ணு மிச்சம்."

மிச்சம் என்றதும் நாலாமவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாத்தியா? இவன் வந்தான், மிச்சமும் வந்தாச்சு. பத்தாவே எண்ணுலே," என்றார் மூத்தவர்.

தம்பி பெட்டியைத் தோளில் ஏற்றினார். "எனக்குப் பங்கு வேண்டாம். அந்த மிஞ்சுன ஒண்ணைத் தாங்க. அப்பா வச்ச தென்னையில உள்ளதுல்லா. நான் போறேன்."

மூத்தவர் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"அது முடியாது, அண்ணாச்சி."

"என்னலே முடியாது?"

"இவரை எண்ணுனாத்தான் ஒண்ணு மிஞ்சும். எண்ணலைன்னா எதுவும் மிஞ்சாது. அந்த ஒண்ணைக் குடுக்கணும்னாலும் பதினொண்ணாத்தான் எண்ணணும்."

என் கால் இரண்டும் எனக்கு முன்பே வேலிப் பக்கம் திரும்பியிருந்தன. மூத்தவர் என்னைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். பூட்டுக்குப் பதில் அதில் கயிறு சுற்றியிருந்தது.

"பன்னெண்டு வருஷத்துச் சம்பாத்தியம் இம்புட்டுத்தானா, மக்கா?"

தம்பி அந்தக் கயிற்றைக் கையால் மறைத்தார். மூத்தவர் கத்தியை மட்டைக் குவியலில் எறிந்தார்.

"பெட்டியை இறக்கு. ஏலே, பதினொண்ணா எண்ணு."

மிஞ்சிய ஒன்றை எனக்குக் கூலியாகக் கொடுத்தார்கள். வீட்டில் உடைத்தேன், அழுகல். அடுத்த மாதம் மூன்றாம் முறையும் கணக்கில் தோற்றபோது, பழியை அந்தத் தேங்காய் மேல் போட்டேன்.